நீர் போகும் வழியே: அம்பாறையின் காடு, வட்டை, களப்பு

வனவிலங்குப் பயணம் என்றதும் கென்யாவின் புல்வெளியும் தான்சானியாவின் சிங்கமும் கூரை திறந்த வாகனமும் கண்முன் வந்து நிற்கும் அளவுக்குத் தொலைக்காட்சி நம் காலத்தவரைப் பழக்கிவிட்டது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என அம்பாறைக் கரையோரத்தில் தொடர்ந்து கிடக்கும் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களும் இதற்கு விலக்கல்ல. ஆயினும் இவ்வூர்களுக்கு மேற்கிலும் தெற்கிலும் கல்ஓயா, லகுகலை கித்துலானை, குமண ஆகிய மூன்று தேசியப் பூங்காக்கள் அமைந்துள்ளன. கொழும்பிலிருந்து வருவோரும் அறுகம்பேயில் அலைச்சறுக்க வரும் வெளிநாட்டாரும் தேடிச் செல்லும் இவ்விடங்களை, வாசற்படிக்கு அருகிலேயே வைத்திருக்கும் கரையோரத்தார் சுற்றுலாத் தலங்களாகக் கருதுவது குறைவென்றே தோன்றுகிறது. யானை அவர்களுக்கு வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கிப் பயிரை அழிக்கும் விலங்கு. பார்ப்பதற்காகப் பணம் கட்டிச் செல்லவேண்டிய காட்சி அன்று. இந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. அந்த நியாயத்தையும் சேர்த்தே இப்பகுதியின் இயற்கையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கிழக்கு ஆபிரிக்காவோடு ஒப்பிடுவதானால் ஏறத்தாழ 14,700 சதுர கி.மீ. பரப்புள்ள செரங்கெட்டியை எடுத்துக்கொள்வது பொருந்தாது. கென்யாவின் தெற்கெல்லையில் உள்ள அம்போசெலிப் பூங்காவே பொருத்தமான இணை. அதன் பரப்பு 392 சதுர கி.மீ.; குமணவின் பரப்பு ஏறத்தாழ 357 சதுர கி.மீ. கிளிமஞ்சாரோ மலையில் விழும் நீர் நிலத்தடியாக வந்து ஊறிப் பெருகும் சதுப்புகளை நம்பியே அம்போசெலியின் யானைகள் வறட்சிக் காலத்தைக் கழிக்கின்றன. மழை பெய்ததும் அவை பூங்காவை விட்டு வெளியேறி, மசாய் மக்கள் கால்நடை மேய்க்கும் நிலங்களுக்குள் பரவிவிடுகின்றன. 1972 முதல் அங்குள்ள யானைக் குடும்பங்களை இடையறாது ஆராய்ந்துவரும் சிந்தியா மோஸ் அம்மையாரின் திட்டம் உலகறியச் செய்தவற்றுள் இதுவும் ஒன்று: யானை எங்கே நிற்கும் என்பதை வரைபடத்துக் கோடு தீர்மானிப்பதில்லை, நீரும் புல்லுமே தீர்மானிக்கின்றன. அம்பாறையிலும் இதுவே நிலைமை. ஆகவே இம்மாவட்டத்தில் ஒருவர் மேற்கொள்ளத்தக்க வனப்பயணம், பூங்காவுக்குப் பூங்கா தாவும் பயணமாக இருப்பதைவிட, நீர் போகும் வழியைப் பின்பற்றிச் செல்லும் பயணமாக இருப்பது நன்று.

அந்த வழி அணைக்கட்டு அமைந்த இங்கினியாகலையில் தொடங்குகிறது. முன்னர் பட்டிப்பளை ஆறு எனத் தமிழில் வழங்கிய கல்ஓயாவை மறித்து, 1949இல் தொடங்கப்பட்ட பெருந்திட்டத்தின்கீழ் உருவாக்கப்பட்ட சேனாநாயக்க சமுத்திரம் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் ஆகும். அதன் நீரேந்து பகுதியைக் காப்பதற்காக 1954இல் ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர் காடு தேசியப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1965இல் அது வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்புக்கு வந்தது. இத்திட்டத்தின்கீழ் நடைபெற்ற குடியேற்றம் மாவட்டத்தின் இன விகிதத்தை மாற்றியமைத்த வரலாறு தனியே எழுதப்படவேண்டியது. விலங்குகளைப் பொறுத்தவரை இத்திட்டம் இரு விளைவுகளை ஒருசேரத் தந்தது: பெருங்காடு வயலானது, வறட்சியிலும் வற்றாத நீர்ப்பரப்பு ஒன்று உண்டானது. இங்கு வாகனத்திலன்றிப் படகில் சென்றே விலங்குகளைக் காண்பது வழக்கம். மேட்டு நிலங்களாய் இருந்து தீவுகளாகிவிட்ட திட்டுகளுக்கு இடையே யானைகள் நீந்திக் கடப்பதுதான் இப்பூங்காவின் தனிச்சிறப்பு. உடல் முழுவதும் அமிழ்ந்திருக்க, மூச்சுக்காக உயர்த்திய துதிக்கையின் நுனியும் நெற்றியின் மேற்பகுதியும் மட்டும் நீர்மட்டத்தில் தெரியும். குட்டிகளைத் தாய்களுக்கிடையே விட்டு நீந்தும் கூட்டம் கரையேறியவுடன் முதலில் செய்வது புல் மேய்வது.

அணையிலிருந்து வாய்க்கால்களில் பிரியும் நீர் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளை நனைத்துவிட்டு, எஞ்சியது கல்முனைக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் கடலை அடைகிறது. நெல் விளையும் இந்த நிலத்துக்கு இரண்டு போகங்கள் உண்டு. வடகீழ்ப் பருவ மழையை நம்பி விதைக்கப்பட்டுத் தை, மாசியில் அறுவடையாவது பெரும்போகம். குளத்துநீரை நம்பிச் சித்திரையை ஒட்டி விதைக்கப்பட்டு ஆடி, ஆவணியில் அறுவடையாவது சிறுபோகம். யானைகளின் நடமாட்டமும் இந்தப் பஞ்சாங்கத்தையே பின்பற்றுகிறது. கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் அவை இரவில் வந்தால் இழப்பு. அறுவடை முடிந்து மெசின்கள் போனபின் அரிதாளையும் வைக்கோலையும் மேய வந்தால் எவருக்கும் இழப்பில்லை. வட்டையில் பரண் கட்டி, தீ மூட்டி, கவி பாடி இரவைக் கழித்த காவற்காரரின் அனுபவ அறிவுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. அரச அலுவலகங்கள் இதை ஏற்றுக்கொள்வதற்குத்தான் காலம் பிடித்தது.

யானை வேலி எனப்படும் மின்சார வேலியின் கதையே இதற்குச் சான்று. நெடுங்காலமாக இவ்வேலிகள் பூங்கா எல்லையை ஒட்டியே போடப்பட்டன. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானைகள் நடமாடுகின்றன என்றும், அப்பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கின்றனர் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. அவ்வாறாயின் எல்லையில் போட்ட வேலிக்கு இரு பக்கமும் யானைகள் நிற்பது இயல்பே. ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவின் தலைமையில் அமைந்த குழு 2020இல் முன்வைத்த தேசியச் செயற்றிட்டம் வேலியைக் காட்டின் விளிம்பிலிருந்து ஊரின் விளிம்புக்கும் வயலின் விளிம்புக்கும் கொண்டுவரச் சொன்னது. விதைப்புக்கு முன் விவசாயிகளே கூடிச் சேர்ந்து வட்டையைச் சுற்றி வேலியைப் போட்டு, போகம் முழுவதும் பராமரித்து, அறுவடைக்குப் பின் கழற்றி வைத்துவிடுவதே பருவகால வேலி என்னும் அந்த முறை. கழற்றியபின் யானை வந்து அரிதாளை மேய்ந்துபோகும். வயல் வேலைகளை ஒழுங்குசெய்யும் வட்டை விதானையின் சொல்லுக்கு ஒன்றுகூடி வாய்க்கால் வெட்டிப் பழகிய சமூகத்துக்கு இது எட்டாத ஏற்பாடு அன்று. அம்பாறையில் வெற்றி பெறுவதற்கு வேறெந்த ஏற்பாட்டையும்விட இதற்கே வாய்ப்பு அதிகம் என்று தோன்றுகிறது. கென்யாவில் லூசி கிங் உருவாக்கிய தேன்கூட்டு வேலி, அதாவது கம்பியில் தொடராகத் தேனீப் பெட்டிகளைத் தொங்கவிடும் முறை, இலங்கையிலும் பரிசோதிக்கப்பட்டுள்ளது. ஆனால் ஆபிரிக்கத் தேனீயின் மூர்க்கம் நம் நாட்டுத் தேனீயிடம் இல்லை என்பதை மறந்துவிடலாகாது.

இலங்கை யானைகளில் ஆண்களிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. ஆகவே ஆபிரிக்காவில் யானைக்கு எமனான தந்த வேட்டை இங்கு யானைகளின் சாவுக்கு முதன்மைக் காரணமன்று. துப்பாக்கிச் சூடும், சட்டவிரோதமாக வீட்டு மின்சாரத்தை நேரடியாகப் பாய்ச்சிய கம்பியும், ஹக்கப்பட்டாஸ் என்ற வெடியுமே இங்கே யானைகளைக் கொல்கின்றன. ஹக்கப்பட்டாஸ் என்பது பூசணி, வெள்ளரி போன்றவற்றுக்குள் மறைத்து வைக்கப்படும், கடித்தவுடன் வெடிக்கும் பொதி. காட்டுப்பன்றியின் இறைச்சிக்காக வைக்கப்படும் அதைப் பெரும்பாலும் இளம் யானைகளே கடித்து, வாய் சிதைந்து, தின்ன முடியாமல் பல நாள் பட்டினி கிடந்து சாகின்றன.

இப்பயணத்தில் எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் குறிப்பிடாத ஓரிடத்தையும் சேர்த்துக்கொள்வது அவசியம். ஒலுவிலுக்கு மேற்கே, அஷ்ரப் நகரை அடுத்துள்ள பள்ளக்காட்டில், சுற்றுவட்டார ஊர்களின் குப்பை 2008 அளவிலிருந்து கொட்டப்பட்டு வருகிறது. அங்கிருந்த மின்வேலி 2014இல் இடி விழுந்து பழுதானபின் திருத்தப்படாமல் விடப்பட்டது. யானைகள் குப்பைமேட்டுக்கே வந்து மேயத் தொடங்கின. 2022 சனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் இவ்விடத்தைப் படம்பிடித்து வெளியிட்டபோது, முந்திய எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இங்கு மடிந்திருந்தன. இறந்த யானைகளின் வயிற்றில் பொலித்தீனும் உணவு சுற்றிய தாளும் செரிக்காத பொருள்களுமே இருந்தன. சோறும் கறியும் கட்டிய பொலித்தீனில் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருப்பதால் யானை அதைப் பிரித்தெடுக்காமல் அப்படியே விழுங்குகிறது. குடல் அடைபட்டபின் தின்னவும் குடிக்கவும் இயலாது போகிறது. நாடு முழுவதும் வனப்பகுதிகளை ஒட்டி 54 குப்பைமேடுகள் இருந்தமையும், அவற்றைச் சுற்றி வேலியிட்டுக் குப்பையை மீள்சுழற்சி செய்வதாக 2017இல் அளிக்கப்பட்ட அரச வாக்குறுதி முழுமையாக நிறைவேறாமற் போனமையும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தன. கல்யாண வீட்டிலும் கந்தூரியிலும் மிஞ்சும் பொலித்தீன் எங்கே போகிறது என்று கேட்போருக்கு விடை இவ்வளவு அருகில் கிடக்கிறது.

தெற்கே செல்லச்செல்ல வயல் சுருங்கிக் காடு கரையை நெருங்குகிறது. கடலோடு ஒரு குறுகிய வாயால் இணைந்து, நன்னீரும் உவர்நீரும் கலக்கும் ஆழமற்ற நீர்நிலையே களப்பு. பொத்துவில் களப்பின் ஓரமெங்கும் சேற்றுக்கு மேல் வேரூன்றி உவர்நீரில் வளரும் கண்டல் மரங்கள் நிற்கின்றன. பட்டால் தோல் புண்ணாகி, கண்ணில் தெறித்தால் பார்வையைச் சில காலம் மறைக்கும் பாலுடைய தில்லை மரமும் அவற்றுள் ஒன்று. 2004ஆம் ஆண்டுச் சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேல், பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. அதன் பின்னரே, அலைக்கு அரணாக நிற்கக்கூடிய கண்டற்காட்டை விறகாக மட்டும் பார்த்த பார்வை மாறத் தொடங்கியது. மீனவர்கள் தங்கள் வள்ளங்களிலேயே பயணிகளை ஏற்றிக் களப்பைச் சுற்றிக் காட்டுகின்றனர். இயந்திரமின்றிக் கம்பால் ஊன்றிச் செலுத்துவதால் கொக்கும் மீன்கொத்தியும் கலையாமல் நிற்கின்றன. இந்நீர்களில் முதலை உண்டு. அறுகம்பேக்குத் தெற்கே யானைப்பாறைப் பகுதியில் 2017 செப்டெம்பரில் வெளிநாட்டு இளைஞர் ஒருவரை முதலை இழுத்துச் சென்றது இன்னும் நினைவில் உள்ளது. அறிமுகமற்ற நீரில் கை கழுவ இறங்குவதும் தவிர்க்கத்தக்கதே.

பொத்துவிலிலிருந்து மொனராகலை வீதியில் திரும்பினால் வருவது லகுகலை. 1980இல் தேசியப் பூங்காவான இது வெறும் 1,554 ஹெக்டேயர்; இலங்கையின் மிகச் சிறிய பூங்காக்களுள் ஒன்று. இதன் பெருமை மூன்று குளங்களில், அவற்றிலும் சிங்களத்தில் பெரு எனப்படும் ஒருவகை நீர்ப்புல்லில் அடங்கியிருக்கிறது. மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்றில் மற்ற இடங்களெல்லாம் காய்ந்துபோகும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் குளத்துநீர் பின்வாங்கப் பின்வாங்க இப்புல் பச்சையாக வெளித்தெரிகிறது. நூறைத் தாண்டிய யானைகள் ஒருசேர இறங்கிய காலங்களும் உண்டு. யானை அதைத் தின்னும் முறை கவனிக்கத்தக்கது. துதிக்கையால் ஒரு கற்றையைச் சுற்றி, முன்காலின் நகத்தால் அடியை உதைத்துப் பெயர்த்து, வேரில் ஒட்டிய சேறு போகும்வரை முழங்காலில் அடித்து உதறி, அதன்பின்னரே வாயில் இடுகிறது. சேற்றிலுள்ள மணல் பல்லைத் தேய்த்துவிடும். கடைசிப் பல் தேய்ந்த யானை மெல்ல முடியாமல் இறக்கும் என்பதால் இந்த உதறலில் அதன் ஆயுளே தங்கியிருக்கிறது. வீதியோரத்திலிருந்தே இக்காட்சி தென்படுவதுண்டு. பழம் நீட்டி யானையை வாகனத்துக்கு அருகே அழைக்கும் பழக்கம் எவ்வளவு தீயது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சிங்களமும் தமிழும் கலந்து புழங்கும் பாணமையைக் கடந்து, உகந்தமலை முருகன் ஆலயத்தை அடைந்தால் குமணவின் வாசல். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குமணவை உள்ளடக்கி 1970இல் யால கிழக்குத் தேசியப் பூங்கா உருவானது. உள்நாட்டுப் போரினால் அது 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. 2006இல் குமண தேசியப் பூங்கா எனப் பெயர் பெற்றது. இதன் உயிர்நாடி ஏறத்தாழ 200 ஹெக்டேயர் பரந்த குமண வில்லு. வில்லு என்பது ஆற்றுவெள்ளம் நிரப்பும் இயற்கையான ஆழமற்ற குளம். கும்புக்கன் ஓயாவின் கடல்வாயில் மணற்றிட்டு எழுந்து வழியை அடைக்கும்போது நீர் பின்னேறி ஓடைவழியாக வில்லுக்குள் நுழைகிறது. அதைச் சூழ்ந்த கண்டல்களின்மீது ஏப்ரல் முதல் ஜூலை வரை கூழைக்கடாவும் கரண்டிவாயனும் மஞ்சள் மூக்கு நாரையும் நீர்க்காகமும் கூடமைக்கின்றன. இப்பூங்காவில் 255 பறவை வகைகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் நத்தைகுத்தி நாரையின் அலகை மட்டும் தொலைநோக்கியில் சற்று நின்று பார்க்கலாம்: மேலலகும் கீழலகும் நுனியில் மட்டுமே சந்தித்து நடுவில் இடைவெளி விட்டு நிற்பதால், வழுக்கும் நத்தையைப் பிடித்து ஓட்டுக்குள்ளிருந்து சதையைப் பிரித்தெடுக்க அது வாகாகிறது. சிங்கமும் புலியும் இல்லாத இத்தீவில் சிறுத்தையே உச்ச வேட்டை விலங்கு என்பதால், பாறைமீது பகலிலும் அது அச்சமின்றிப் படுத்திருக்கும்.

கதிர்காமத் திருவிழாவை ஒட்டி, பெரும்பாலும் ஜூன் அல்லது ஜூலையில், உகந்தையிலிருந்து இக்காட்டினூடே பாதயாத்திரை செல்வோருக்காக வழி திறக்கப்படுகிறது. ஹிழ்று நபியின் நினைவோடு இணைந்த பள்ளிவாசல் கதிர்காமத்தில் இருப்பதால் கிழக்கின் முஸ்லிம்களுக்கும் அத்திசை அந்நியமானதன்று. பறவைகளுக்காகவே செல்வோர் யாத்திரைக் கூட்டம் தொடங்குமுன், மே மாதத்திலேயே போய்வருவது நல்லது. வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான்களையும் வாத்துகளையும் காண விரும்புவோர் மழை ஓய்ந்த தை, மாசியைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அப்போது பாணமைக்கு அப்பாலுள்ள பாதையில் வெள்ளம் வடிந்துவிட்டதா என விசாரித்துக்கொண்டே புறப்படவேண்டும்.