ஐந்தாம் பரிமாணமும் துகள்களின் நிறையும்

நீளம், அகலம், உயரம், காலம் எனப் பரிமாணங்கள் நான்கு. ஐந்தாவதும் ஒன்று உண்டு என்பாரும் இருக்கின்றனர். காணவியலாத ஒன்றிற்குச் சான்று யாது? துகள்களின் நிறையே அச்சான்றைத் தரவல்லது.

ஜெர்மானியக் கணித அறிஞர் தியோடர் கலூசா, ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையை ஐந்து பரிமாணங்களில் எழுதிப் பார்த்தார். மேக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகள் அதனுள்ளிருந்தே வெளிப்பட்டன! 1919இல் இதனை ஐன்ஸ்டைனுக்கு அறிவித்தார். கட்டுரை அச்சேறியது 1921இல்தான்.

அப்பரிமாணம் எங்கே ஒளிந்துள்ளது? மிகச் சிறு வளையமாகச் சுருண்டு கிடக்கிறது என 1926இல் விடை பகர்ந்தார் ஸ்வீடன் நாட்டு ஆஸ்கர் கிளைன். தொலைவிலிருந்து காண்போர்க்கு வடக்கயிறு வெறுங்கோடு. அதன்மேல் ஊரும் எறும்புக்கோ சுற்றிவரவும் வழியுண்டு.

துகள்கள் அலைத்தன்மையும் உடையன. வளையத்தைச் சுற்றியோடும் அலை ஒன்று, இரண்டு, மூன்று என முழு எண்ணிக்கையிலேயே பொருந்தும். ஒன்றரை அலைக்கு அங்கு இடமில்லை. அச்சுழல் இயக்கம், வளையத்தைக் காணமாட்டாத நமக்கு நிறையாகத் தோன்றும். வளையம் சிறுக்கச் சிறுக்க நிறை பெருகும்.

மின்னூட்டமும் இவ்வியக்கத்தின் விளைவே என்றார் கிளைன். எனவே எலெக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கொண்டு வளையத்தின் சுற்றளவைக் கணித்தார். புள்ளிக்குப்பின் 30 சுழிகள் இட்டு 8 எழுதினால் வரும் சென்டிமீட்டர் அது. இங்கேதான் இடர் நேர்ந்தது. இத்துணைச் சிறு வளையம் தரும் நிறை, எலெக்ட்ரானின் உண்மை நிறையைப்போல், 1-இன்பின் 20 சுழிகள் இட்ட எண்ணுக்கும் மேற்பட்ட மடங்கு! அழகிய கொள்கை எண்ணில் இடறி வீழ்ந்தது.

பின்வந்தோர் வேறு வழி கண்டனர். நாம் அறிந்த துகள்கள், வளையத்தைச் சுற்றாத அடிப்படியைச் சேர்ந்தவை. அவற்றின் நிறைக்குக் காரணம் வேறு. ஐந்தாம் பரிமாணம் முன்னறிவிப்பது அவற்றின் கனத்த உடன்பிறப்புகளையே. வளையத்தின் ஆரம் ஒரு சென்டிமீட்டரில் 10-இன் 17ஆம் அடுக்கில் ஒரு பங்கானால், முதல் உடன்பிறப்பு புரோட்டானைப்போல் ஏறத்தாழ 2,000 மடங்கு கனக்கும். ஆனால் ஆரம் எவ்வளவு என்பதைக் கொள்கை தானாகக் கூறுவதில்லை. இது பெருங்குறையே.

எனினும் விகிதத்தைக் கூறும். எளிய வளையமாயின் நிறைகள் 1, 2, 3 என ஏறும். 1999இல் லிசா ராண்டலும் ராமன் சுந்தரமும் வகுத்த வளைந்த ஐந்தாம் பரிமாணத்தில், ஈர்ப்புத் துகளின் உடன்பிறப்புகள் 1, 1.83, 2.66 என ஏறும். வீணைத் தந்தியின் ஒலிவரிசையும் தோலிசைக் கருவியின் ஒலிவரிசையும் வேறுபடுவது போன்றதே இது. கருவியைக் காணாமலே, ஒலி கேட்டு இன்னதெனச் சொல்லிவிடலாம். இரண்டு மூன்று துகள்கள் அகப்பட்டாற் போதும், பரிமாணத்தின் வடிவே புலப்பட்டுவிடும்.

ஜெனீவாவை அடுத்த பெரிய துகள்மோதல் பொறியில் 2010 முதல் இவற்றைத் தேடி வருகின்றனர். முதற்படித் துகள்கூட இதுகாறும் அகப்படவில்லை. வளையம் இருப்பின், அதன் ஆரம் இன்னும் சிறியதாதல் வேண்டும்.