காயலான் கடையில் கிடைத்த கூரை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேசன்ஸ் பெண்ட் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. ஏழைக் குடும்பங்கள் வாழும் ஊர். அங்கே எல்லோரும் கூடவும் வழிபடவும் பொதுவாக ஓர் இடம் தேவைப்பட்டது. ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் 'ரூரல் ஸ்டுடியோ'வில் கட்டடக்கலை படித்த மாணவர்கள், 2000ஆம் ஆண்டில் அதைக் கட்டிக் கொடுத்தார்கள்.

வெளிச்சம் வரக் கண்ணாடிக் கூரை போட ஆசை. புதுக் கண்ணாடிக்குக் காசு? சிகாகோவில் ஒரு காயலான் கடையிலிருந்து பழைய செவ்ரோலெ கார்களின் முன்கண்ணாடிகள் 80 வாங்கினார்கள். எல்லாம் சேர்த்து 120 டாலர்தான்!

மலிவாகக் கிடைத்ததைவிட, அவர்கள் தேர்ந்தெடுத்த பொருள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. காரின் பக்கக் கண்ணாடி உடைந்தால் பொலபொலவென்று சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். முன்கண்ணாடி அப்படி உதிராது. அது இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். கல் பட்டு விரிசல் விட்டாலும், துண்டுகள் அந்தப் படலத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். தலைக்கு மேலே வைக்கும் கண்ணாடிக்கு இதைவிட முக்கியமான குணம் வேறு இல்லை. மழையையும் காற்றையும் தாங்கவென்றே செய்த பொருளும்கூட. மாணவர்கள் அவற்றை இரும்புச் சட்டத்தில், மீன் செதில்கள் போல ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் படியும்படி பொருத்தினார்கள். மழைநீர் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வழிந்து இறங்கிவிடும்.

சுவருக்கு அந்த வட்டாரத்து மண். பலகைகளால் அடைப்புக் கட்டி, ஈரமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். இடிக்கும்போது இடையிலுள்ள காற்று வெளியேறும். மணல்துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். களிமண் பசையாக நின்று அவற்றைப் பிடித்துக்கொள்ளும். உறுதிக்குச் சிறிது சிமென்ட்டும் சேர்ப்பதுண்டு. செங்கல்லைப் போலச் சூளையில் சுட வேண்டியதில்லை என்பதால், சுடுவதற்கான விறகோ நிலக்கரியோ மிச்சம். தடித்த மண்சுவரைக் கடந்து வெயிலின் சூடு உள்ளே வர மணிக்கணக்கில் ஆகும்.

எல்லா மண்ணும் இதற்கு ஒத்துவராது. களிமண் கூடினால் காயும்போது சுருங்கி வெடிக்கும்; குறைந்தால் உதிர்ந்து போகும். மணல் அதிகமாகவும் களிமண் அளவாகவும் இருக்க வேண்டும்.

உங்கள் ஊர் மண் எப்படி? ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிவரை மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். பிறகு அசைக்காமல் ஒரு நாள் முழுக்க வையுங்கள். கனமான மணல் முதலில் அடியில் படியும், அதன்மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேலே களிமண். ஸ்கேலை வைத்து ஒவ்வொரு அடுக்கையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.