காணாமற் போனோரும் கேட்கப்படாத கேள்வியும்

கடலை நம்பிப் பிழைக்கும் ஊர்களில் மரணம் இரு வகைப்படும். மையித்தை வீட்டிலே கிடத்தி, ஊரார் கூடி அடக்கம் செய்வது ஒன்று. மற்றையது உடலில்லாத மரணம். சோளகம் சீறியெழுந்த ஓரிரவில் போன தோணி திரும்புவதில்லை. தேடிச் சென்ற படகுகள் ஒரு வலைத் துண்டையோ மிதப்புக் கட்டையையோ கொண்டு வருகின்றன. நாட்கள் சில கழிந்து, இனி வரமாட்டார் என்பதை ஊர் ஏற்றுக்கொண்டபின், பள்ளிவாசலிலே காயிப் ஜனாஸாத் தொழுகை நடைபெறுகிறது. மனைவி இத்தா இருக்கிறாள். நான்கு மாதமும் பத்து நாளும் கழிந்ததும் அவளுடைய வாழ்வுக்கு ஒரு வாசல் திறக்கிறது. பள்ளிவாசலையும் துறையையும் சேர்த்தே பெயராகக் கொண்ட பள்ளிவாசல்துறையிலும், கற்பிட்டிக் குடாநாட்டின் ஏனைய கரைகளிலும், கடல் கொண்டவருக்கு இப்படி ஒரு வழி உண்டு. மனிதர் கொண்டு போனவருக்கு என்ன வழி?

மார்க்க நூல்கள் அத்தகையவனை ‘மஃப்கூத்’ என்று அழைக்கின்றன. உயிரோடிருக்கிறானா, இறந்தானா என்று அறியப்படாதவன் என்பது பொருள். அவன் மனைவி எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. நான்கு ஆண்டு என்பது மாலிக்கி வழியினர் கொண்ட முடிவு. அதனினும் நெடுங்காலம் காக்கச் சொன்னோரும் உளர். எந்தக் கருத்தை எடுத்துக்கொண்டாலும், காத்திருப்பவளே கணக்கின் நடுவில் நிற்கிறாள்.

இக்கரைக்கு இது ஏட்டில் மட்டும் உள்ள விவகாரமன்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து பெருந்தொகையினர் வள்ளங்களிலே கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் வெளியேற்றத்துக்கு முன்னரே பிடித்துச் செல்லப்பட்ட முஸ்லிம் வர்த்தகர்களுள் திரும்பி வராதவர்களும் இருந்தனர். அதே ஆண்டு யூலையிலே, மட்டக்களப்பு மாவட்டத்துக் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கொண்டு செல்லப்பட்ட பயணிகளின் உறவினர், அவர்களுடைய எலும்புகளையேனும் தோண்டியெடுத்துத் தாருங்கள் என்று இன்னும் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் நினைக்கும்படி செய்தவன் ஒரு மாணவன். உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிப்பவன். காணாமற் போனோரைப் பற்றிய ஊடக முயற்சி ஒன்றைத் தேர்ந்து அதனை மதிப்பீடு செய்க என்பது அவனுக்கு இடப்பட்ட வேலை. “சேர், எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை நாட்டில் காட்டினார்கள் என்று எழுதினால் போதுந்தானே?” என்று கேட்டான். போதாது என்று சொல்வது எளிது. எது போதும் என்று சொல்வது எளிதாக இருக்கவில்லை. அவன் எடுத்துக்கொண்ட படம் லீனா மணிமேகலையின் ‘வெள்ளை வான் கதைகள்’.

தமிழ்நாட்டுக் கவிஞரும் படைப்பாளியுமான லீனா, 2013ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து, கெடுபிடிகளுக்கிடையே மறைவாகப் படம்பிடித்த ஆவணப்படம் அது. வடக்கு, கிழக்கு, தெற்கு ஆகிய பகுதிகளைச் சேர்ந்த ஏழு பெண்கள் தம்மவரைத் தேடும் கதை. அவ்வாண்டு நவம்பரிலே பொதுநலவாயத் தலைவர்கள் கொழும்பில் கூடிய வேளையில், பிரித்தானியாவின் ‘சனல் 4’ அதன் பகுதிகளை ஒளிபரப்பியது. வாய் திறக்கவே அஞ்சிய காலத்தில் ஏழு பெண்களின் வாய்மொழி பதிவாயிற்று. காலமும் பார்த்து வெளியாயிற்று. இத்துணிவைக் குறைத்துப் பேசுவது நன்றி கொன்றதாகும்.

ஆனால் அப்படம் யாரை நோக்கிப் பேசியது? உலகத்தாரை நோக்கி. கேட்டவர் இலண்டனில் இருந்தார். அறிந்தவர் இலங்கையில் இருந்தார். சாட்சியப் படங்களுக்குப் பொதுவாகவுள்ள எல்லை இது. அழுகுரல் தொலைவுக்குக் கேட்கிறது; பதில் சொல்லக் கூடியவனோ அதே தெருவில், கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான்.

பிற நாடுகளில் நடந்தவற்றை ஒப்பிட்டால் இது தெளிவாகும். இரண்டாம் உலகப் போரில் பெற்றோரை இழந்து அநாதை விடுதிகளில் வளர்ந்த குழந்தைகள் சோவியத் நாட்டில் எண்ணற்றோர். அக்னியா பார்த்தோ என்ற குழந்தைக் கவிஞர் 1965ஆம் ஆண்டு தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ‘மயாக்’ வானொலியில் ‘மனிதனைக் கண்டுபிடித்தல்’ என்ற நிகழ்ச்சியை நடத்தினார். பெயரும் பிறந்த ஆண்டும் தெரிந்தவர்களைத் தேடப் பொலிசார் உண்டு. விடுதியிலே வேறு பெயர் சூட்டப்பட்ட குழந்தைக்கோ தன் உண்மைப் பெயரே தெரியாது. ஆகவே பார்த்தோ ஆவணம் கேட்கவில்லை. நினைவில் என்ன எஞ்சியிருக்கிறது என்று கேட்டார். வீட்டு நாயின் பெயர், உடம்பிலுள்ள தழும்பு, தாய் பாடிய பாட்டின் ஒரு சொல் போன்றவை அவருக்குப் போதுமாயிருந்தன. உலகில் வேறு எவருக்கும் பொருள்படாத அச்சிறு துணுக்கு, எங்கோ வானொலி கேட்டுக் கொண்டிருந்த ஒரு தாய்க்கு மட்டும் பொருள்பட்டது. 927 குடும்பங்கள் ஒன்று சேர்ந்தன. ஒரு கவிஞரால் செய்யக்கூடிய வேலை இதனினும் பெரிது ஒன்று உண்டா என்று நான் ஐயுறுகிறேன்.

தென்கொரியாவில் 1983 யூன் 30 அன்று, போரிலே பிரிந்த குடும்பங்களைத் தேடும் நிகழ்ச்சியொன்றை அந்நாட்டுத் தேசிய ஒளிபரப்பு நிறுவனம் 95 நிமிடத்துக்கென்று தொடங்கியது. மக்கள் நிலையத்தின் சுவரெங்கும் பெயர் எழுதிய தாள்களை ஒட்டினார்கள். நிகழ்ச்சியை நிறுத்த முடியவில்லை. 138 நாட்களில் 453 மணிக்கு மேல் ஒளிபரப்பாயிற்று; 53,536 பேர் திரையில் தோன்றினர்; 10,189 பேர் தம் உறவினரைக் கண்டனர். 2015இல் யுனெஸ்கோ அந்த ஒளிப்பதிவுகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

மதிப்பீடு செய்வோர்க்கு இத்தகைய எண்கள் இனிப்பானவை. அவற்றை அப்படியே எடுத்துவந்து இலங்கையின் மீது வைத்துப் பார்ப்பது தவறு. கொரியாவிலும் சோவியத் நாட்டிலும் தேடப்பட்டோர் போர் வெள்ளத்திலே திசைக்கொருவராகச் சிதறியவர்கள். அவர்களை எவரும் ஒளித்து வைக்கவில்லை. நம்முடைய நாட்டில் பலர் தொலைந்தவர்களல்லர், தொலைக்கப்பட்டவர்கள். கொண்டு சென்ற கைகளுக்கு உரியோர் சீருடையிலும் இருந்தனர், சீருடையின்றியும் இருந்தனர். அரசின் பக்கமும் இருந்தனர், அரசை எதிர்த்த இயக்கங்களின் பக்கமும் இருந்தனர். அறிந்தவன் ஒருவன் இருக்கிறான், அவன் சொல்லவில்லை. வழிதவறியவனைத் தேடும் முறை வேறு. மறைக்கப்பட்டவனைத் தேடும் முறை வேறு.

நமக்கு அண்மையான பாடம் ஆர்ஜென்டீனாவிலே கிடைக்கிறது. 1976 முதல் 1983 வரை நீடித்த இராணுவ ஆட்சியில் காணாமலாக்கப்பட்ட பெண்களுக்குச் சிறையிலே பிறந்த குழந்தைகள் களவாகப் பிறரிடம் கொடுக்கப்பட்டன. அக்குழந்தைகளைத் தேடுவதற்காகப் பாட்டிமார் 1977இல் ஒரு சங்கம் கண்டனர். குழந்தைகள் வளர்ந்து இளைஞரானபின், அச்சங்கத்தார் நாடகத்திலும் தொலைக்காட்சியிலும் கேட்ட கேள்வி, “எங்கள் பேரனைக் கண்டீர்களா?” என்பதன்று. “நீ யாரென்று உனக்குத் தெரியுமா?” என்பதே. தேடப்படுகிறவனிடமே நேராகக் கேட்ட கேள்வி அது. தன் பிறப்பில் ஐயங்கொண்டவன் எங்கே போவான் என்பதற்கும் விடை ஆயத்தமாக இருந்தது. 1987இலேயே சட்டத்தால் அமைக்கப்பட்ட மரபணு வங்கி அவன் இரத்தத்தைப் பாட்டிமாரின் இரத்தத்தோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும். இவ்வாறு அடையாளம் காணப்பட்ட பேரப்பிள்ளைகள் 130க்கு மேற்பட்டோர். ஊடகம் கதவைத் தட்டியது. கதவு திறந்தபோது உள்ளே ஒருவர் இருந்தார்.

அந்நாட்டு நாளிதழ் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். ‘பாகினா 12’ என்பது அதன் பெயர். பாட்டிமார் சங்கத்தின் தலைவி எஸ்தெலா தெ கார்லோத்தோ தம் மகள் லோராவுக்காக 1988 ஓகஸ்டில் கொடுத்த சிறு நினைவுக் குறிப்பிலிருந்து, காணாமலாக்கப்பட்டோரின் படத்தையும் பெயரையும் தாங்கிய சிறு பெட்டிகளை அது பல்லாண்டு வெளியிட்டு வந்தது. குடும்பத்தார் ஆண்டுதோறும் அதே நாளில் அதே முகத்தைப் பதிப்பிப்பர். படத்திலுள்ளவருக்கு வயது ஏறுவதில்லை; கீழே கையொப்பமிடுவோரில்தான் புதியவர்கள் சேர்ந்துகொண்டே போகிறார்கள். படம் ஒருநாள் காட்டப்பட்டு முடிகிறது. பத்திரிகையோ மறுநாளும் வருகிறது. பத்திரிகைக்காரன் மறந்துவிடுகிற தன் பலம் இது.

நம் நாட்டில் இத்தகைய தொடர்ச்சி அறவே இல்லையென்று சொல்லிவிட முடியாது. புத்தளத்திலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போவோர், சீதுவைக்கு அருகே ரத்தொலுவைச் சந்தியில் முகங்கள் நிறைந்த நினைவுச் சின்னம் ஒன்றைக் கடந்து போகிறார்கள். பெரும்பாலோர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஓவியர் சந்திரகுப்த தேனுவர வடிவமைத்து, 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1980களின் இறுதியிலே காணாமலாக்கப்பட்ட தென்னிலங்கை இளைஞரின் குடும்பத்தார் ஆண்டுதோறும் ஒக்டோபர் 27 அன்று அங்கே கூடுகின்றனர். பெரும்பாலும் சிங்களத் தாய்மார். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தெருவோரப் போராட்டத்தைத் தொடங்கிய தமிழ்த் தாய்மாரின் கையிலும் அதே அளவுப் படங்கள்தாம் இருந்தன. அத்தாய்மாருள் பலர் பதில் கிடைக்காமலே இறந்தும் போயினர். குருக்கள்மடத்து உறவினரை இவ்விரு கூட்டத்தாரோடும் ஒரே திரையில், ஒரே தாளில் வைத்துக் காட்டும் முயற்சிகள் அரிதாகவே இருக்கின்றன. ஒவ்வொரு சமூகத்தின் ஊடகமும் தன் சமூகத்துக் கண்ணீரையே அளந்து கொடுக்கிறது. அதில் பொய் இல்லை. ஆயினும் ஒரு கரையில் நின்று கடலை அளந்தது போலாகும்.

இவ்விடத்தில் பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ என்ற சிங்களத் திரைப்படம் நினைவுக்கு வருகிறது. 1997இல் எடுக்கப்பட்டது. இராணுவத்தில் சேர்ந்த மகனுடையதென்று முத்திரையிட்ட பெட்டி ஒன்று வருகிறது. கண்பார்வையற்ற தந்தை அதனை நம்பவில்லை. நட்ட ஈட்டுப் பத்திரத்தில் கையொப்பமிடவும் மறுக்கிறார். இறுதியில் குழியைத் தோண்டிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வாழைத் தண்டும் கல்லும். 2000ஆம் ஆண்டில் அரசு இப்படத்தைத் திரையிட விடாது தடுத்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அனுமதித்தது. கற்பனைக் கதைதான். எனினும், கடதாசியால் முடித்துவைக்கப்படும் மரணத்தை ஒரு தந்தை ஏன் ஏற்பதில்லை என்பதை இதனைவிடத் தெளிவாகச் சொன்ன ஆவணப்படத்தை நான் பார்த்ததில்லை. 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவுக்கு வந்த 21,000க்கு மேற்பட்ட முறைப்பாடுகளுள் 5,000 அளவில் படையினரின் குடும்பங்களிடமிருந்து வந்தவை என்பதையும் இதனோடு சேர்த்து நினைக்கலாம்.

ஆணைக்குழு என்றதும் இன்னொன்று. 1994இல் மூன்று பிரதேச ஆணைக்குழுக்கள் நியமிக்கப்பட்டன. அதன்பின் பல வந்து போயின. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உருவாகி, 2018இல் இயங்கத் தொடங்கியது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழும் 2016 முதல் சட்டத்தில் உண்டு. இத்தனை இடங்களிலும் ஒரு தாய் அதே கதையைச் சொல்லியிருக்கிறாள். இவற்றுக்கிடையே வந்த ஒலிவாங்கிகளுக்கும் சொல்லியிருக்கிறாள். “அந்த நேரம் உங்கள் மனம் எப்படி இருந்தது?” என்பது கமராக்காரர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. அதற்கு விடை கண்ணீர் என்பது கேட்பவருக்கே தெரியும். அவன் என்ன உடுத்திருந்தான், எந்தப் பல் உடைந்திருந்தது, எந்தச் சந்தியில் வாகனம் திரும்பியது, அவ்வேளை அங்கே கடை திறந்திருந்தவர் யார் என்று கேட்டவர் சிலரே. பார்த்தோ கேட்டது அதைத்தான். அகழ்வாராய்ச்சியாளருக்கும் சட்ட வைத்தியருக்கும் வேண்டியதும் அதுவே.

ஆகவே மாணவனுக்கு நான் சொன்னது இவ்வளவே: எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை அடிக்குறிப்பாகப் போடு. முதற் பக்கத்தில், இம்முயற்சி கேட்ட கேள்விகளை வரிசையாக எழுது. ஒவ்வொன்றும் யாரிடம் கேட்கப்பட்டது என்று எழுது. அறிந்தவன் ஒருவன் பேச முன்வந்தால் போய்ச் சேரும் இடமொன்று அதில் சொல்லப்பட்டிருந்ததா, அவ்விடத்தை அவன் நம்ப முடிந்ததா என்று பார். படம் பிடித்தவர்கள் அடுத்த ஆண்டு அந்த வீட்டுக்குத் திரும்பிச் சென்றார்களா என்றும் விசாரி. விசாரித்து அறிய முடியாவிட்டால் அதையும் எழுது.

நம் தமிழ் நாளிதழ்கள் மரண அறிவித்தல்களுக்கு முழுப் பக்கங்களை ஒதுக்குகின்றன. வாரத்துக்கு ஒரு பெட்டி, எட்டு வரி, கட்டணமின்றி ஒதுக்க முடியாதா? பெயர், காணாமற்போன நாள், கடைசியாகக் கண்ட இடம், உடுத்திருந்த உடை, உடம்பின் அடையாளம், உடன் இருந்தோர், தேடுவோர் அவரை வீட்டில் அழைக்கும் பெயர், அறிந்தவர் எழுத வேண்டிய முகவரி. ஒரு வாரம் கிளிநொச்சி, மறுவாரம் குருக்கள்மடம், அதற்கடுத்த வாரம் ரத்தொலுவை. மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையிலேயே தங்கிவிட்டவர்களிடமும் சொல்வதற்கு எட்டு வரி இருக்கக்கூடும்.