கழிவா, எச்சமா? பறவைகளின் பொதுப்புழை: அமைப்பும் செயற்பாடும்

திறவுச்சொற்கள்: பொதுப்புழை, எச்சம், யூரிக் அமிலம், வேடந்தாங்கல், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

குடல், சிறுநீர்க்குழல், இனப்பெருக்கக்குழல் ஆகிய மூன்றும் வந்து கூடி, ஒரே துளை வழியாக வெளியே திறக்கும் அறையினைக் குளோயாக்கா என்பர். தமிழில் இது பொதுக்கழிவுப்புழை எனப்படுகிறது. சாக்கடை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே மூலப்பெயர். தமிழ்ப் பெயரும் அப்பொருளையே அடியொற்றியுள்ளது. சுறாக்கள், நீர்நில வாழ்வன, ஊர்வன, பறவைகள், முட்டையிடும் பாலூட்டிகள் ஆகியவற்றில் இவ்வுறுப்பு உண்டு. மனிதக் கருவிலும் தொடக்கத்தில் தோன்றிப் பின்னர்த் தடுப்புச் சுவரொன்றால் இரு வழிகளாகப் பிரிகிறது. இவ்வுறுப்பினைக் கழிவுவழி என்ற அளவில் மட்டும் கொள்ளுதல் பொருந்துமா என்பதைப் பறவைகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

மூவறை அமைப்பு

பறவைகளின் பொதுப்புழை மடிப்புகளால் மூன்று அறைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. முதலாவதான மலவறையில் குடல் முடிவடைகிறது. நடுவறையில் சிறுநீர்க்குழல்களும், ஆணில் விந்துநாளங்களும் பெண்ணில் அண்டநாளமும் திறக்கின்றன. பெரும்பாலான பறவைகளில் இடப்பக்க அண்டநாளம் மட்டுமே வளர்ச்சியுறுகிறது. மூன்றாவதான இறுதியறை எச்சத்துளையாக வெளியே திறக்கிறது.

இறுதியறையின் முதுகுப்புறச் சுவரில் பை ஒன்று உள்ளது. இதனை விவரித்த இத்தாலிய உடற்கூற்றியலாளர் ஃபேப்ரீசியஸின் நூல் 1621இல் வெளிவந்தது. அவர் பெயராலேயே அப்பை வழங்குகிறது. நோயெதிர்ப்பில் அதன் பங்கினைப் புரூஸ் கிளிக் முதலானோர் 1956இல் கோழிகளைக் கொண்டு வெளிப்படுத்தினர். எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் ‘பி’ செல்களின் பெயர் இப்பையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்திலிருந்து வந்ததாகும்.

செயற்பாடு

பெரும்பாலான பறவைகளுக்குச் சிறுநீர்ப்பை இல்லை. நடுவறைக்கு வரும் சிறுநீர், குடலின் பின்னோக்கிய அலையியக்கத்தால் மலவறைக்கும் குடலின் கடைப்பகுதிக்கும் செலுத்தப்படுகிறது. அங்கு நீரும் உப்புகளும் மீண்டும் உறிஞ்சப்படுகின்றன. நைட்ரஜன் கழிவு எளிதிற் கரையாத யூரிக் அமிலமாக இருப்பதால் இது இயலுகிறது. எச்சத்தின் வெண்பகுதி யூரிக் அமிலமும் அதன் உப்புகளும், கரும்பகுதி மலம்.

இவ்வறை வழியாகவே முட்டையும் வெளிவருகிறது. கோழி முட்டையிடும்போது அண்டநாளத்தின் கடைப்பகுதி எச்சத்துளைக்கு வெளியே பிதுங்குவதால், முட்டை மலத்தில் தோயாமல் வெளியேறுகிறது. பெரும்பாலான பறவைகளில் இரு பாலினமும் எச்சத்துளைகளைப் பொருத்துவதன் மூலமே விந்து இடம்பெயர்கிறது.

வேடந்தாங்கல் தரும் சான்று

ஏனாத்தூரை உள்ளடக்கிய காஞ்சிபுர வட்டாரம் ஏரிப்பாசனத்தை நம்பிய நிலப்பகுதி. அதன் தென்கிழக்கே, 2019இல் தனி மாவட்டமான செங்கற்பட்டில், வேடந்தாங்கல் ஏரி உள்ளது. நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் முதலிய பறவைகள் ஏரியினுள் நிற்கும் மரங்களில் கூடமைக்கின்றன. எச்சம் ஏரியில் விழ, உரமேறிய நீர் வயலுக்குப் பாய்கிறது. யூரிக் அமிலத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு நைட்ரஜன். நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்துப் பயிர் ஏற்கும் வடிவமாக்குகின்றன.

இவ்வேதியியல் அறியப்படுவதற்கு முன்னரே உழவர்கள் இதன் பயனை உணர்ந்திருந்தனர். பறவைகளைச் சுடுவதற்கு எதிராக அவர்கள் முறையிட்டதன் பேரில், செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798இல் பாதுகாப்பு ஆணை வழங்கினார். பறவையின் உடல் வெளியேற்றுவது உழவருக்கு உரமாகும் இவ்விடத்தில், கழிவு என்னும் சொல் உண்மையின் பாதியையே உரைக்கிறது.

எச்சம் என்னும் சொல்

எஞ்சு என்பதன் வழிப்பட்ட எச்சம், எஞ்சி நிற்பதைக் குறிக்கும். இலக்கணத்தில் பெயரெச்சம், வினையெச்சம் என அது முடிவு பெறாததைச் சுட்டும். வழக்கில் பறவை, பல்லி ஆகியவற்றின் மலத்தைக் குறிக்கும். 114ஆம் குறளில் வரும் எச்சத்திற்குப் பரிமேலழகர் மக்கட்பேறு சார்ந்து உரை கண்டார். ஆக, இவ்வுறுப்பு வழி வெளிவரும் மலம், வழித்தோன்றல் ஆகிய இரண்டையும் தமிழ் ஒரே சொல்லால் குறித்துள்ளது.

தவளை, சுறா ஆகியவற்றின் மலத்தை எச்சம் எனக் கூறும் வழக்கில்லை எனலாம். எனினும் வழித்தோன்றல் என்னும் பொருள் அவற்றுக்கும் பொருந்துவதால், இத்தடை பெரிதன்று.

முடிவுரை

நீர் மீட்பு, இனப்பெருக்கம், நோயெதிர்ப்பு, கழிவகற்றல் ஆகிய நான்கும் பறவையின் பொதுப்புழையில் ஒருங்கே நிகழ்கின்றன. இவற்றுள் ஒன்றை மட்டும் சுட்டும் பெயர், கற்போரின் புரிதலைத் தொடக்கத்திலேயே குறுக்கிவிடுகிறது. எச்சப்புழை என்னும் பெயர் எஞ்சியவற்றுள் இனப்பெருக்கத்தையேனும் உடன் சுட்டுகிறது. பாடநூல்களிலும் கலைச்சொல் தொகுப்புகளிலும் இதனைப் பரிசீலிக்கலாம்.