குளிர்பெட்டி கம்ப்ரஸரும் கடைக்காரர் கணக்கும்

வெயில் காலம் வந்துவிட்டால், "குளிர்பெட்டி ஓய்வில்லாமல் ஓடுகிறது, தயிரும் வெண்ணெயும் நிற்பதில்லை, கரண்ட் பில் மட்டும் ஏறுகிறது" என்று வணிக நண்பர்கள் குறைப்படுவது வழக்கம். எங்கள் மண்டியிலும் இதே தொல்லை இருந்தது. கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது என்று ஒருவர் சொல்ல, பணம் செலவழித்துப் புதிதாக மாற்றினோம். அடுத்த கோடையில் மறுபடியும் அதே கதை! வேறொரு வயதான மெக்கானிக் வந்து பார்த்தார். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து, பக்கத்தில் சர்க்கரை மூட்டைகளை அடுக்கியிருந்தோம். "குற்றம் மெஷினில் இல்லை, வைத்த இடத்தில்" என்றார். அவர் விளக்கிய கணக்கை உறுப்பினர்களுக்கும் தருகிறோம்.

கம்ப்ரஸருக்குள் ஒரு பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுகிறது. பெட்டிக்குள் இருக்கும் குளிர்ச் சுருளிலிருந்து வாயுவை இழுத்து, அழுத்தி, பின்பக்கச் சுருளுக்கு அனுப்புகிறது. அங்கே வாயு தன் சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. வெளிக்காற்றைவிட வாயு சூடாக இருந்தால்தான் சூடு வெளியேறும். ஆகவே பின்பக்கம் புழுங்கினால் கம்ப்ரஸர் இன்னும் அதிகமாக அழுத்தியாக வேண்டும்.

1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இங்கே உதவும். வெப்பம் மாறாதிருந்தால், அழுத்தம் பாதியானால் வாயுவின் கன அளவு இரு மடங்காகும். ஆனால் கேஜ் காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளிக்காற்றின் அழுத்தமான 1 பாரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கேஜில் 1, 9 என்று இருந்தால் உண்மை அழுத்தம் 2, 10. விகிதம் ஒன்பதல்ல, ஐந்துதான். காலி டின் எடையைக் கழிக்காமல் எண்ணெய் நிறுத்தால் கணக்குத் தவறுவது போலத்தான் இதுவும்.

இனி முக்கியமான விஷயம். பிஸ்டன் சிலிண்டரின் தலையில் இடிக்கக் கூடாது என்று சிறிது இடைவெளி விட்டிருப்பார்கள். பிஸ்டன் தள்ளும் அளவு 100 பங்கு, இடைவெளி 4 பங்கு என்று கொள்வோம். அந்த 4 பங்கு வாயு வெளியேறாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. பிஸ்டன் திரும்பும்போது முதலில் அது விரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மிச்ச இடத்தில்தான் புதுச் சரக்கு ஏறும்.

ஆர்-134ஏ வாயுவுக்குக் குளிர்ச் சுருள் மைனஸ் 10 டிகிரியில் இருந்தால் அழுத்தம் சுமார் 2 பார். பின்பக்கச் சுருள் 40 டிகிரியில் இருந்தால் சுமார் 10 பார். தங்கிய 4 பங்கு 20 ஆக விரியும். 104இல் 20 போக, புதுச் சரக்கு 84. பின்பக்கம் 55 டிகிரியானால் அழுத்தம் சுமார் 15 பார். 4 பங்கு 30 ஆகும். புதுச் சரக்கு 74தான். ஓட்டம் அதே, வரவு நூற்றுக்குப் பன்னிரண்டு குறைவு. நடைமுறையில் வெப்பம் சிறிது மாறுவதால் எண்கள் கொஞ்சம் வேறுபடும். ஆனால் நஷ்டம் நஷ்டம்தான்.

நஷ்டம் இதோடு நிற்பதில்லை. ஒரு யூனிட் மின்சாரத்தால் எத்தனை யூனிட் சூட்டை வெளியேற்றலாம் என்பதற்கு இயற்கையே ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. டிகிரியோடு 273 கூட்டிப் போட்டால், முதல் நிலையில் 263ஐ 50ஆல் வகுக்க 5.26. இரண்டாவதில் 65ஆல் வகுக்க 4.05. எந்த மெஷினும் இந்த வரம்பை எட்டாது. ஆனாலும் வரம்பு இறங்கினால் பலனும் சேர்ந்தே இறங்கும்.

உள்ளே ஐஸ் கெட்டியாகப் படிந்தாலும் இதே கதிதான். குளிர்ச் சுருள் மைனஸ் 20க்கு இறங்கினால் அழுத்தம் சுமார் 1.33 பார். பின்பக்கம் 40 டிகிரியிலேயே இருந்தாலும் புதுச் சரக்கு 74க்கு வந்துவிடும்.

ஆகவே பெட்டியைச் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி வையுங்கள். பக்கத்தில் மூட்டை அடுக்காதீர்கள். வெயிலும் அடுப்புச் சூடும் படாமல் பாருங்கள். மாதம் ஒரு முறை பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத் தூசியைத் தட்டுங்கள். ஐஸ் கெட்டியாகும் முன் கரைய விடுங்கள். கதவு ரப்பரையும் கவனியுங்கள்.

நாங்கள் மூட்டைகளை நகர்த்தியதற்கு ஒரு பைசா செலவில்லை. அதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு கம்ப்ரஸர் விலை மிச்சமாகியிருக்கும்.