சுண்ணாம்பும் சாம்பலும்: ரோமர் கட்டடக் கலையின் உட்பொருள்

ரோமர்களின் கட்டடக் கலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வளைவுகளைப் புகழ்ந்தே தொடங்குகின்றனர். ஆனால் வளைவு ரோமர்களின் கண்டுபிடிப்பன்று. ரோம் ஒரு நகராக உருவாகும் முன்னரே மெசொப்பொத்தேமியாவில் செங்கல் வளைவுகள் எழும்பியிருந்தன. தூண்களின் அழகை அவர்கள் கிரேக்கரிடம் கற்றனர். அவ்வாறாயின் ரோமருக்கே உரியது எது? காரை என்பதே நமது விடை.

வெறும் சுண்ணாம்புக் காரை காற்றை உறிஞ்சியே இறுகும், நீருக்கடியில் இறுகாது. நேப்பிள்ஸ் வளைகுடாவை ஒட்டிய பகுதியில் கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் சேர்த்தால் அக்கலவை நீருக்குள்ளும் கல்லாகிவிடுகிறது. அகஸ்டஸ் காலத்து விட்ருவியஸ், கடலுக்குள் கட்டுவதற்கு இரு பங்கு சாம்பலும் ஒரு பங்கு சுண்ணாம்பும் வேண்டும் என்று எழுதிவைத்தார். பலஸ்தீனக் கடற்கரையில் ஏரோது அமைத்த கைசரியாத் துறைமுகத்திற்கு இச்சாம்பல் இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்தது.

இன்றைய கான்கிரீட்டைப் போல் இதனை ஊற்றவில்லை. சுவரின் இரு முகங்களையும் கல்லாலோ செங்கல்லாலோ எழுப்பி, நடுவே காரையும் உடைகற்களும் அடுக்கடுக்காக இடப்பட்டன. கி.பி. 64ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் நகரில் சுட்ட செங்கல் முகமே பெருகிற்று.

இக்கலையின் உச்சம் பாந்தியன். முகப்பில் அக்ரிப்பாவின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. எனினும் அவர் கட்டியது எரிந்துபோயிற்று. நாம் காண்பது ஹேட்ரியன் ஆட்சியில், ஏறத்தாழ கி.பி. 126இல் நிறைவுற்றது. அதன் குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சித் திறப்பு வரையுள்ள உயரமும் அதுவே. இரும்புக் கம்பி ஒன்றும் உள்ளே இல்லை. எடையைக் குறைத்தே இதனைச் சாதித்தனர். அடித்தளத்தில் கனமான சுண்ணாம்புப் பாறைத் துண்டுகள், மேலே செல்லச் செல்ல இலகுவான எரிமலைக் கற்கள், உச்சியில் நீரில் மிதக்கும் நுரைக்கல். அடியில் சுமார் 6 மீட்டராக இருக்கும் மாடத்தின் கனம் உச்சியில் 1.2 மீட்டராக மெலிகிறது. கீழ்ப்பகுதியில் நெடுக்கு வெடிப்புகள் உண்டு. ஆயினும் வெடித்த துண்டுகள் வளைவுகளாக ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கல்லைத் தரம் பிரித்துச் சுமந்தவர்களின் பெயர் எந்த முகப்பிலும் இல்லை.

ரோமர் காரைக்குள் காணப்படும் வெண்ணிறச் சுண்ணாம்புக் கட்டிகளை நெடுங்காலமாக அறிஞர்கள் கவனக்குறைவான கலவையின் அடையாளம் என்றே கருதினர். 2023இல் வெளியான ஓர் ஆய்வு அதனை மறுத்தது. நீற்றாத சுண்ணாம்பையே நேரடியாகச் சேர்த்துச் சூடாகக் கலந்ததால் அக்கட்டிகள் எஞ்சின; வெடிப்பினுள் நீர் புகும்போது அவை கரைந்து, மீண்டும் படிந்து வெடிப்பை அடைக்கின்றன. அவ்வாறு தயாரித்த மாதிரியின் வெடிப்பு இரு வாரங்களில் மூடிக்கொண்டது. முன்னோரின் கைவேலையைக் குறை என்று தீர்ப்பளிக்க நாம் எத்துணை விரைந்துவிடுகிறோம்!

கிழக்கே கொன்ஸ்தாந்திநோபிளில் செங்கல்லும் தடித்த சுண்ணாம்புக் காரையுமே குவிமாடத்தைச் சுமந்தன. 537இல் நிறைவுற்ற அயாசோஃபியா, வட்ட மாடத்தைச் சதுர அறையின் நான்கு வளைவுகள் மேல் அமர்த்தியது. 558இல் அம்மாடம் இடிந்து விழ, அதனினும் உயரமாக மீண்டும் கட்டினர். பதினாறாம் நூற்றாண்டில் அதன் சாய்ந்த சுவர்களுக்கு முட்டுச்சுவர்கள் எழுப்பி உறுதிசெய்தவர் உஸ்மானியக் கட்டடக் கலைஞர் மிமார் சினான்.