புறாக்களைத் தனிமைப்படுத்தல்

புறாக்களைத் தனிமைப்படுத்தல் என்பது, வெளியிலிருந்து வாங்கப்பட்ட அல்லது வழிதவறி வந்து சேர்ந்த புறாக்களை, ஏற்கனவே வளர்க்கப்படும் புறாக்களுடன் சேர்ப்பதற்கு முன் குறிப்பிட்ட காலம் தனியிடத்தில் வைத்துக் கண்காணிப்பதும், தேவையான மருந்துகளை அளிப்பதும் ஆகும். நோயின் அறிகுறி எதுவும் இல்லாத புறாவும் நோய்க்கிருமியைச் சுமந்து வரக்கூடும் என்பதே இம்முறையின் அடிப்படை. தமிழ்நாட்டில் பந்தயப் புறா, கர்ணப் புறா, அழகுப் புறா வளர்ப்போரிடையே இவ்வழக்கம் உள்ளது. எனினும் பலர் காத்திருக்கும் காலத்தைத் தவிர்த்து மருந்தை மட்டும் கொடுத்துவிடுவதால், இதன் பயன் பெரிதும் குறைந்துவிடுகிறது.

பின்னணி

நோயுள்ள இடங்களிலிருந்து வருவோரைத் தனியே வைக்கும் வழக்கம் மனிதருக்காகத் தோன்றியது. கொள்ளைநோய்க் காலத்தில், 1377 இல், இன்று துப்ரோவ்னிக் எனப்படும் இராகூசா துறைமுக நகரம் வெளியிலிருந்து வந்தோரை 30 நாட்கள் ஒதுக்கி வைத்தது. பின்னர் இக்காலம் 40 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. புறாக்களுக்கும் ஏறத்தாழ இதே கால அளவே பரிந்துரைக்கப்படுகிறது. குறைந்த அளவு 30 நாட்கள் ஆகும். ஆறு வாரங்கள் கூடுதல் பாதுகாப்பானது.

தேவை

புறாக்கள் நெருக்கமாக வாழ்பவை. ஒரே பாத்திரத்தில் நீர் அருந்துபவை. தாயும் தந்தையும் தம் தீனிப்பையில் சுரக்கும் புறாப்பாலைக் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. எனவே ஒரு புறாவின் வாயில் உள்ள கிருமி சில நாட்களில் கூட்டம் முழுவதற்கும், அடுத்த தலைமுறைக்கும் சென்று சேரும். சந்தைகளில் பல இடங்களிலிருந்து வந்த பறவைகள் ஒரே கூண்டில் அடைக்கப்படுவதால், அங்கு வாங்கப்படும் புறா எந்தெந்த நோய்களுக்கு ஆட்பட்டது என்பதை விற்பவரும் அறிந்திருப்பதில்லை.

பயணம், பசி, இடமாற்றம் ஆகியவற்றால் புறாவின் எதிர்ப்பாற்றல் குறைகிறது. அதுவரை அடங்கியிருந்த நோய் இந்நிலையில் வெளிப்படலாம். தனிமைப்படுத்தும் காலம் இந்நோய் வெளிப்படுவதற்கான வாய்ப்பையும் அளிக்கிறது.

இடமும் பொருட்களும்

தனிக்கூண்டு, பழைய புறாக்கள் உள்ள இடத்திலிருந்து இயன்ற அளவு விலகி, காற்று அங்கிருந்து கூட்டத்தை நோக்கி வீசாத திசையில் அமைய வேண்டும். ஒரே கூரையின் கீழ் கம்பி வலையால் மட்டும் பிரிப்பது தனிமைப்படுத்தல் ஆகாது. எச்சம் கீழே விழுந்துவிடும்படி கம்பித் தளம் அமைப்பது நல்லது. கூண்டுக்குக் கொசு புகாத வலை தேவை. புறா அம்மை கொசுவால் பரவக்கூடியது.

நீர்ப் பாத்திரம், தீனித் தட்டு, துடைப்பம், காலணி ஆகியவை தனியே இருக்க வேண்டும். பழைய புறாக்களுக்கு முதலில் தீனி வைத்துவிட்டுப் புதியவற்றைக் கடைசியாகக் கவனிப்பது விதி. அதன்பின் கைகளைச் சோப்பினால் கழுவ வேண்டும்.

கிராமங்களில் புறாக்களுக்கு மண் பானைகளைக் கட்டி விடுவது வழக்கம். மெருகிடாத மண் பாத்திரம் ஈரத்தை உறிஞ்சுவதால் அதை முழுமையாகக் கிருமி நீக்கம் செய்வது கடினம். எனவே தனிக்கூண்டில் வைத்த பானையை உடைத்து அப்புறப்படுத்துவதே ஏற்றது. நீர் வைப்பதற்கு மெருகிட்ட பீங்கான் கிண்ணம் பொருத்தமானது. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாச்சலத்தை அடுத்த கம்மாபுரம் போன்ற ஊர்களில் இத்தகைய கிண்ணங்கள் எளிதில் கிடைப்பவையே. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் திசம்பர் வரை இப்பகுதியில் தரையில் ஈரம் தங்குவதால், எச்சம் வழிப் பரவும் இரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணிகள் விரைவாக முதிர்கின்றன. அம்மாதங்களில் கூண்டை உலர்ந்த நிலையில் வைத்திருப்பது மருந்தைவிட முக்கியமானது.

கவனிக்க வேண்டிய நோய்கள்

புறா பாராமிக்சோ வைரசு நோய்: இது கோழிகளைத் தாக்கும் ராணிக்கெட் நோய் வைரசின் ஒரு வகையால் உண்டாகிறது. ராணிக்கெட் நோய் 1926 இல் சாவகத்திலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அறியப்பட்டது. 1927 இல் இன்றைய உத்தராகண்டம் மாநிலத்திலுள்ள ராணிக்கெட்டில் காணப்பட்டதால் இந்தியாவில் அப்பெயர் பெற்றது. புறாக்களைத் தாக்கும் வகை 1970களின் இறுதியில் மத்திய கிழக்கில் தோன்றி, 1981 இல் ஐரோப்பாவை அடைந்தது. நீர்த்த எச்சம், கழுத்துத் திருகல், தானியத்தைக் குறி தவறிக் கொத்துதல் ஆகியன அறிகுறிகள். கிருமி புகுந்த சில நாட்களிலும் அறிகுறி தோன்றலாம். ஐந்து, ஆறு வாரங்கள் கழித்தும் தோன்றலாம். இதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

வாய்ப்புண் நோய்: திரைக்கோமோனாசு என்னும் ஓரணு உயிரியால் வருவது. வாயிலும் தொண்டையிலும் மஞ்சள் நிறக் கட்டிகள் தோன்றும். வளர்ந்த புறாக்கள் பல, அறிகுறியின்றி இதனைச் சுமக்கின்றன.

சால்மோனெல்லா நோய்: மூட்டு வீக்கம், இறகு தொங்குதல், மெலிவு, கழுத்துத் திருகல் ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியா நோய். பிழைத்த புறா பல மாதங்கள் விட்டுவிட்டுக் கிருமியை வெளியேற்றலாம். ஆதலால் ஒரு முறை செய்யும் எச்சப் பரிசோதனையில் இது தப்பிவிடும்.

குடற்புழுக்கள்: புறாவின் உருண்டைப்புழு, முட்டையாக உட்புகுந்த பின் முதிர்ந்து முட்டையிட ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆகும். வந்த நாளில் செய்த பரிசோதனையில் முட்டை இல்லை என்பதால் புழு இல்லை என்று முடிவு செய்ய இயலாது.

குருதி ஒட்டுண்ணி: ஈமோபுரோட்டியசு என்னும் இவ்வொட்டுண்ணியைப் புறா ஈ பரப்புகிறது. அல்சீரியாவில் செர்சென்ட் சகோதரர்கள் 1906 இல் ஈயின் பங்கைக் காட்டினர். இந்தியாவில் பணியாற்றிய எலன் ஏடி, ஈயின் உடலுக்குள் இவ்வொட்டுண்ணி வளரும் முறையை 1915 இல் வெளியிட்டார். இறகுகளுக்கிடையே ஓடும் தட்டையான ஈக்களை முதல் நாளிலேயே ஒழிப்பது இதனைத் தடுக்கும் வழியாகும்.

நாட்களின் ஒழுங்கு

முதல் நாளில் புறாவின் எடை, கண், மூக்கு, வாய், கழிவாய், மூட்டுகள் ஆகியவை பார்க்கப்படும். பேன், ஈ ஆகியவற்றுக்கு மருந்திட்டபின் நீரும் எளிய தானியமும் கொடுத்து ஓய்வில் விட வேண்டும்.

முதல் வாரத்தில் பல நாட்களின் எச்சத்தைச் சேர்த்து ஆய்வுக்கு அளிக்க வேண்டும். நுண்ணோக்கி உள்ள கால்நடை மருத்துவமனையில் புழு முட்டைகளையும் இரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியையும் காண இயலும். முடிவைப் பொறுத்தே மருந்து தொடங்கப்படும்.

நான்காம் வாரத்தில் ஆய்வு மீண்டும் செய்யப்படும். நலமாக இருப்பின், பழைய கூட்டத்திலிருந்து அதிகம் மதிப்பில்லாத ஓரிரு புறாக்களைக் கடைசி இரு வாரங்கள் புதியவற்றுடன் வைப்பர். இவை நோயுறாவிட்டால் புதியவை பாதுகாப்பானவை எனக் கொள்ளலாம். புதிய புறா நோயுற்றால், பழைய கூட்டமே நோயைச் சுமக்கிறது என்பதும் தெரியவரும். இடையில் வேறொரு புதிய புறா சேர்க்கப்பட்டால், நாட்களின் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மருந்து அளித்தல்

எல்லா நோய்க்கும் முன்கூட்டியே மருந்து கொடுப்பது பரவலான பழக்கம். வாய்ப்புண், குடற்புழு ஆகியவற்றுக்கு இது ஓரளவு பொருந்தும். நுண்ணுயிர் எதிர்ப்பிகளை இவ்வாறு கொடுப்பது தீங்கானது. அவை சால்மோனெல்லாவின் அறிகுறிகளை மறைக்கும். கிருமியை முற்றிலும் நீக்குவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளும் இதனால் பெருகும். நோய் மறைந்த புறா நலமான புறாவாகத் தோன்றிக் கூட்டத்தில் நுழைந்துவிடுகிறது.

கோழிகளுக்கும் ஆடுகளுக்கும் ஏற்ற மருந்து புறாவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை. ஆடுகளுக்குப் பரவலாகப் பயன்படும் பென்பெண்டசோல் என்னும் புழுநீக்க மருந்து, புறாவின் எலும்பு மச்சையையும் குடலையும் பாதித்து இறப்பை விளைவிக்கக்கூடியது. டெட்ராசைக்கிளின் வகை மருந்துகள் சுண்ணாம்புச் சத்துடன் பிணைந்து செயலிழப்பதால், அவற்றைக் கொடுக்கும் நாட்களில் கிளிஞ்சல் தூளை எடுத்துவிட வேண்டும்.

குடிநீரில் மருந்து கலப்பதிலும் கவனம் தேவை. ஒரு புறா நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 முதல் 60 மில்லிலிட்டர் நீர் அருந்தும். கோடையில் இது கூடும், நோயுற்றால் குறையும். ஒரே கரைசல் மே மாதத்தில் மிகையாகவும், நோயுற்ற புறாவுக்குக் குறைவாகவும் அமையும். எடைக்கேற்ற அளவை வாய்வழி தனித்தனியே கொடுப்பதே துல்லியமானது. வாய்ப்புண்ணுக்கான நைட்ரோஇமிடசோல் மருந்துகள் உணவுக்கான விலங்குகளில் பல நாடுகளில் தடை செய்யப்பட்டவை. எனவே மருந்து பெற்ற புறாக்களை இறைச்சிக்குப் பயன்படுத்துதல் கூடாது.

தடுப்பூசி

பாராமிக்சோ வைரசுக்கு எதிரான காப்பு தடுப்பூசி மட்டுமே. புறாக்களுக்கு, கழுத்துத் தோலின் கீழ் செலுத்தப்படும் செயலிழந்த வைரசுத் தடுப்பூசி விரும்பப்படுகிறது. இது கிடைக்காத இடங்களில் கோழிகளுக்கான லசோட்டா சொட்டு மருந்தும் பயன்படுகிறது. தமிழ்நாட்டில் கால்நடைத் தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கும் நிலையம், 1932 முதல் இராணிப்பேட்டையில் இயங்குகிறது. ஊசி போட்ட உடனே எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை. ஓரிரு வாரங்களுக்கு மேல் ஆகும். ஆகவே தடுப்பூசியைத் தனிக்கூண்டிலேயே போட்டு, அக்காலம் முடிந்த பின்னரே புறாவைச் சேர்க்க வேண்டும். பழைய கூட்டத்துக்கும் முன்னரே போட்டிருப்பது அவசியம்.

தவறினால் விளைவது

1984 இல் பிரித்தானியாவின் லிவர்பூல் துறைமுகக் கிடங்குகளில் இருந்த தீவனத்தில் நோயுற்ற புறாக்களின் எச்சம் கலந்தது. அத்தீவனத்தை உண்ட கோழிப்பண்ணைகளில் ராணிக்கெட் நோய் பரவியது. அதுவரை இவ்வைரசு இல்லாதிருந்த ஆசுத்திரேலியாவில் 2011 ஆகத்தில் விக்டோரியா மாநிலப் புறாக்களிடையே நோய் கண்டறியப்பட்டது. 2016 இல் அந்நாட்டின் புறாக்களை ஒரு புதிய ரோட்டா வைரசு தாக்கியது. கொல்லையில் நாட்டுக்கோழியும் மாடத்தில் புறாவும் ஒன்றாக வளரும் தமிழகக் கிராம வீடுகளில், ஒரு புதுப் புறாவால் நேரும் இழப்பு புறாக்களோடு நிற்பதில்லை.

மனிதருக்கான பாதுகாப்பு

கிளிநோய் எனப்படும் கிளமிடியா தொற்று புறாவிலிருந்து மனிதருக்குப் பரவி, கடும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கக்கூடும். உலர்ந்த எச்சத் தூசியை நீண்டகாலம் சுவாசிப்போருக்குப் புறா வளர்ப்போர் நுரையீரல் நோய் என்னும் ஒவ்வாமை நோய் வருகிறது. எனவே எச்சத்தை நீர் தெளித்தபின் அள்ளுவதும், முகமூடி அணிவதும் நன்று. புறா வளர்ப்போர் காய்ச்சலும் வறட்டு இருமலும் கண்டால், தாம் புறா வளர்ப்பதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.